கச்சான் பக்கம்

அக்டோபர் 6

கிளாட்வின் அண்ணனுக்கு முப்பதாம் நாள் பூசை மூன்று நாளைக்கு முன்பு முடிந்தது. இன்று காலைதான் அப்பா எங்கள் மீன்பிடி வள்ளத்தைப் பற்றி வாய் திறந்தார். காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"வாடை தொடங்குறதுக்குள்ள வள்ளத்த எறக்கணும். ஸ்டியரிங்க மாத்தணும். எதப் போடலாம்னு நீ பாத்துச் சொல்லு பிள்ள. நீதான் படிச்சவ."

ஜூன் மாதமும் இதே வார்த்தைதான். அப்போது சொன்னது அண்ணன். "நீதான படிச்சவ பெனி, நீ பாத்துச் சொல்லு."

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இயற்பியல். இப்போது கான்வென்ட் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறேன். பிள்ளைகளிடம் பேசிவிடுவேன். பெரியவர்கள் நாலு பேர் நிற்கும் இடத்தில் எனக்குக் குரல் வராது. அதனால்தான் இந்த நோட்டு.

வழிகள் மூன்று. இருக்கிற வீலுக்கே புதுக் கேபிள் மாட்டலாம். அல்லது ஹைட்ராலிக் போடலாம். கேபிளுக்குப் பதிலாகக் குழாயில் எண்ணெய் ஓடி எஞ்சினைத் திருப்பும், இறுகாது. அல்லது வீலே இல்லாமல், முன்பு இருந்ததுபோல எஞ்சினோடு ஒட்டிய நீளக் கைப்பிடி.

மூன்றையும் வரிசையாக எழுதினேன். ஜூனிலும் இப்படித்தான் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அக்டோபர் 7

பள்ளி விட்டதும் டேப் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். வள்ளத்தின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை இஞ்ஞாசி மாமா விலக்கிக்கொடுத்தார். அப்பாவோடு இருபது வருடமாக அணியத்தில், வள்ளத்தின் முன்முனையில், நிற்கிறவர். தார்ப்பாயை விலக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் தள்ளிப் போய் பீடி பற்றவைத்தார்.

கேபிள் நீளத்துக்கு மூன்று அளவு வேண்டும். வீலிலிருந்து பக்கவாட்டு ஓரம் வரை, ஓரத்தில் பின்கடைசி வரை, அங்கிருந்து எஞ்சினின் நடு வரை. கூட்டி அரை அடி சேர்க்க வேண்டும். இரண்டு தடவை அளந்தேன். முதல் தடவை அளந்தேனே தவிர எண்ணைப் பார்க்கவில்லை.

அண்ணன் வீலில் சைக்கிள் ஹேண்டில்பாருக்குச் சுற்றும் சிவப்பு டேப்பைச் சுற்றியிருந்தான். ஒரு இடத்தில் பிரிந்து காற்றில் ஆடியது.

வீலைத் தொடவில்லை. அளப்பதற்கு அதைத் தொட வேண்டிய அவசியம் இல்லை.

அக்டோபர் 9

மழை. அண்ணனின் மனைவி ரோஷ்லின் மைனி இன்றும் ஒரு வாய்தான் சாப்பிட்டாள்.

அக்டோபர் 11

வீலையும் கேபிளையும் இஞ்ஞாசி மாமா கழற்றிக்கொடுத்தார். அரிசிச் சாக்கில் போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். சாக்கு வாயில் வீல் துருத்திக்கொண்டிருந்தது.

"ஏ தங்கச்சி, வீலு ஒன்ட்ட இருக்கு, நான் எத வச்சு வண்டிய ஓட்ட?" என்றார் டிரைவர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். முப்பத்தெட்டு நாளுக்குப் பிறகு சிரித்திருக்கிறேன் என்பது இறங்கும் இடம் வந்தபோதுதான் உறைத்தது.

எஞ்சின் கடை ஹமீது பாய் சாக்கை அவிழ்த்து கேபிளைத் தரையில் நீட்டிப் போட்டார். அதன் நுனியில் எஞ்சினின் கழுத்துக்குள் போகும் இரும்புத் தண்டு இருக்கிறது. அதை உள்ளங்கையால் தள்ளினார். போனது. ஒரு விரலால் தள்ளினார். அப்போதும் போனது.

"யாரும்மா சொன்னா இது இறுகிப்போச்சுன்னு?"

"அண்ணன் சொன்னான்."

வீலை என் மடியில் வைத்துத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். தண்டு வெண்ணெயில் போவதுபோல வெளியே வந்தது, உள்ளே போனது.

"இறுகுனா தண்டுல உப்புப் பூத்து நிக்கும் பாப்பா, சுத்தியல் போட்டாலும் அசையாது. இது யாரோ வாரத்துக்கு ஒரு தடவ கிரீஸ் வச்சுப் பாத்த சாமான். ஒங்க அண்ணன வரச் சொல்லு, நான் கேக்கேன்."

"வரமாட்டான்."

"ஏன், வேலையா?"

நான் சாக்கை மடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடைப் பையனிடம் டீ சொன்னார். ஹைட்ராலிக் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொடுத்தார், திருப்பித் தர வேண்டாம் என்றார்.

வீட்டில் அப்பா கேட்டார். "என்ன சொல்லுதாரு?"

"பாத்துச் சொல்றேன்னாரு."

அக்டோபர் 12

அன்று நடந்ததை இதுவரை எழுதவில்லை. எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 3. வலை பாரில், அதாவது கடலடிப் பாறையில், சிக்கிவிட்டது. அதை எடுத்துவிட அண்ணன் தண்ணீரில் குதித்தான். வீல் போட்ட நாளிலிருந்து அவன்தான் ஓட்டுவான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அன்று அவன் இறங்கியதால் அப்பா வீலைப் பிடித்தார். அண்ணன் அவர்கள் எதிர்பார்த்த இடத்தில் மேலே வரவில்லை. வள்ளத்துக்கு முன்னால் வந்தான்.

ஐஸ் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் தலை என் மடியில். எஞ்சின் விசிறி பட்ட தொடையை அம்மாவின் சேலையால் இறுகக் கட்டியிருந்தது. ஐஸ் தண்ணீர் வண்டித் தரையில் நிறம் மாறி ஓடியது. அவன் கண்ணைத் திறந்து தெளிவாகச் சொன்னான்.

"ஸ்டியரிங்கு லாக் ஆயிட்டு பெனி. எல்லார்ட்டயும் சொல்லிரு. அப்பாவ யாரும் ஒண்ணும் கேக்கக்கூடாது."

பாலம் தாண்டும்போது மைனி பேரைச் சொன்னான். பிறகு பேசவில்லை.

நான் எல்லாரிடமும் சொன்னேன். ஸ்டியரிங் லாக் ஆகிவிட்டது. ஊரே இப்போது அதைத்தான் சொல்கிறது. மைனி மட்டும் ஒருமுறை என்னைக் கேட்டாள். "எந்தக் கடையில வாங்குன பெனி?" அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 15

இஞ்ஞாசி மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஐந்து நிமிடம் நின்றிருப்பேன்.

"என்ன பிள்ள, போட்டோவுக்கு நிக்கது மாரி நிக்க?"

"மாமா, அன்னைக்கி அண்ணன் தண்ணிக்குள்ள இருந்து ஏதாவது சொன்னானா?"

ஊசி நின்றது. "கத்துனான். கச்சான், கச்சான்னு கத்துனான்."

கச்சான் என்றால் மேற்குக் காற்று. எங்கள் கரையில் வலது, இடது என்று யாரும் சொல்வதில்லை. காற்று வரும் திசைதான். வாடை வடக்கு, கொண்டல் கிழக்கு, சோழகம் தெற்கு.

"அவன் எந்தப் பக்கம் இருந்தான்?"

"வள்ளம் வாடையப் பாத்துப் போவுது. அவன் அணியத்துக்கு முன்ன, கச்சான் பக்கமா."

"கச்சான் பக்கம் இருந்துக்கிட்டு, கச்சான் பக்கம் வாங்கன்னா கத்துவான்?"

மாமாவுக்கு என் அறியாமை வேடிக்கையாக இருந்தது. "நல்லா படிச்ச போ! அந்தச் சொல்லு கைக்குப் பிள்ள, வள்ளத்துக்கா? கச்சான்னா, ஹேண்டில கச்சான் பக்கம் தள்ளுன்னு அர்த்தம். ஹேண்டில் கச்சானுக்குப் போனா வள்ளம் கொண்டலுக்குப் போவும். விலகிரும். இது கூடத் தெரியாம மீனவன் வீட்ல..."

அவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

"வள்ளம் நேரா போச்சா மாமா? லாக் ஆனா நேராத்தான் போவும்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வெட்டித் திரும்புச்சு."

"எங்க?"

அவர் வலையைப் பார்த்தார். "வெயிலு ஏறுது. வீட்டுக்குப் போ பிள்ள."

அக்டோபர் 16

நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டுப் பார்த்தேன். கைப்பிடியை மேற்கே தள்ளினால் முனை கிழக்கே போகும். வீலை மேற்கே திருப்பினால் முனை மேற்கே போகும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும். நான் ஜூனில் போட்டுப் பார்க்கவில்லை. ஜூனில் அப்பாவின் தோள்வலியைத்தான் பார்த்தேன். முப்பது வருடம் கைப்பிடியின் அதிர்வு தாங்கிய தோள், சீப்பு பிடித்துத் தலை வாரக்கூட உயராது. வீல் இருந்தால் நோகாது என்று நான்தான் சொன்னேன்.

அண்ணன் மூன்று மாதம் வீல் ஓட்டினான். நின்றுகொண்டு ஓட்டுவான், முன்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியும். அணியத்திலிருந்து யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை. அந்தச் சொல் மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தது. உயிர் போகிற நேரத்தில் அவன் வாயில் பழைய சொல் வந்தது. அப்பா சொல்லைக் கேட்டார்.

படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அக்டோபர் 18

ஹைட்ராலிக் புத்தகத்தை அப்பா எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"இதையே போடு. இது லாக் ஆவாதுன்னு போட்டிருக்காமே, இஞ்ஞாசி மகன் படிச்சுச் சொன்னான்."

"பழைய ஹேண்டிலே போட்டுக்கலாம்பா."

"எதுக்கு? கிளாட்வினுக்கு வீலுன்னா உசுரு. அவன் போட்டது அப்பிடியே இருக்கட்டும். இனிமே நாந்தான ஓட்டணும், பழகிக்கிடுதேன்."

தோள் வலிக்காது என்று ஜூனில் சொன்ன நானே இப்போது என்ன சொல்வது? இனி அவர் வீலைப் பிடிப்பார். இஞ்ஞாசி மாமா அணியத்தில் நிற்பார். யாராவது ஒருநாள் ஏதாவது ஒரு பக்கம் கத்துவார்கள்.

அக்டோபர் 19

மத்தியானம் பள்ளியிலிருந்து வந்தேன். அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அப்பா அடுக்களைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் சோற்றுப்பானை மூடி. இரண்டு கையாலும் அதைப் பிடித்து ஒரு பக்கம் மெதுவாகத் திருப்பினார். நிறுத்தினார். மறுபக்கம் திருப்பினார். உதடு அசைந்தது. "கச்சான்..." என்றார். மூடியை இடது பக்கம் திருப்பினார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும், "கச்சான்..."

நான் வாசலில் செருப்பைச் சத்தமாகக் கழற்றினேன். உள்ளே போய் மூடியை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"சோத்த மூடணும்பா."

"ஆ, மூடு மூடு," என்றார்.

பானையில் சோறு இல்லை. காலியாக இருந்த பானையை மூடிவைத்தேன்.

அக்டோபர் 20

இன்று சொல்லிவிட்டேன். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன், நேர்முகத் தேர்வுக்குப் போவதுபோல. சாப்பிட எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"கேபிளுக்குள்ள முழுக்கத் துரு. மெக்கானிக்கு பிரிச்சுப் பாத்துச் சொன்னாரு. மட்டமான சாமான். நான்தான் வாங்குனேன். வாரம் ஒரு தடவ கிரீஸ் வைக்கணும்னு கூட வந்த இங்கிலீஷ் தாள்ல போட்டிருந்துச்சு. படிச்சேன். அண்ணன்ட்ட சொல்ல மறந்துட்டேன்."

ஜூனிலேயே அதை அவனிடம் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் வைத்தான். கையைத் துடைக்காமல் என் கன்னத்தில் கிரீஸ் தடவிவிட்டு ஓடுவான்.

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். பிறகு, "படிச்சு என்னத்தட்டி கிழிச்ச?" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

மைனி பாதிச் சோற்றில் எழுந்தாள். அவள் கை கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவ்வளவு நேரம் கழுவ கையில் ஒன்றுமே இல்லை.

அப்பா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துருவா?"

"ஆமாப்பா."

"நான் திருப்புனேன் பிள்ள. அவன் சொன்ன பக்கந்தான் திருப்புனேன்."

"நீங்க சரியாத்தான் திருப்புனீங்க. அவன் சொன்ன பக்கந்தான் திருப்புனீங்க."

இதில் ஒரு பொய்யும் இல்லை.

அவர் பெருமூச்சு விட்டார். ஒன்றரை மாதமாக உள்ளேயே பிடித்துவைத்திருந்த மூச்சு. நான் தொடர்ந்து சொன்னேன், நிறுத்தினால் பிறகு வராது. "இனி நான் பாத்துச் சொல்ற எதையும் வாங்க வேண்டாம்பா. எனக்கு அது தெரியாது. பழைய ஹேண்டிலயே போட்டுருவோம்."

"சரி," என்றார் அப்பா.

அக்டோபர் 22

மைனி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளைக்கு என்றாள். என்னிடம் கடன் வாங்கி உடுத்தியிருந்த நீலச் சுடிதாரைத் துவைத்து, இஸ்திரி போட்டு, என் படுக்கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அக்டோபர் 23

கேபிள் இன்னும் ஒரு விரலுக்கு அசைகிறது. யாராவது கையில் எடுத்தால் தெரிந்துவிடும். குளியலறைக்குப் பின்னால், பழைய வாளியில் கடல் தண்ணீர் பிடித்து, தண்டை அதில் அமிழ்த்தினேன். முதலில் மண்ணெண்ணெய் விட்டு கிரீஸைத் துடைத்தேன். நன்றாக, ஒழுங்காக, கனமாக வைத்திருந்தான். துடைக்க நாலு துணி ஆனது.

அக்டோபர் 27

பழைய கைப்பிடி பரணில் இருந்தது. அண்ணன் விற்கவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி, அதன் மேல் அவன் உடுத்தும் பழைய சாரத்தைச் சுற்றிக் கட்டியிருந்தான். முடிச்சை அவிழ்க்க எனக்கு நேரமானது.

ஹமீது பாய் வந்து மாட்டினார். அப்பாவின் தோளுக்காக ஒரு யோசனை கேட்டேன். கைப்பிடியின் நுனியில் மூன்று அடி பிளாஸ்டிக் குழாயைச் சொருகி இறுக்கினார். நின்றுகொண்டே, கையைத் தாழ்த்தியே பிடிக்கலாம். தோளைத் தூக்க வேண்டாம். இது ஜூனில் எனக்குத் தோன்றவில்லை. ஒரு குழாய்த் துண்டு.

போகும்போது கேட்டார். "அந்தக் கேபிளு சும்மா கெடந்தா நான் எடுத்துக்கிடுதேன் பாப்பா. நல்ல சாமான்."

"அது துருப்பிடிச்சுட்டு பாய்."

"பதினஞ்சு நாள்லயா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டார். "உப்புக் காத்துல்லா. புடிக்கும், புடிக்கும்," என்று சொல்லிக்கொண்டே போனார்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அண்ணனுக்கு இன்னும் சிமெண்ட் கட்டவில்லை. மணல் மேட்டைச் சுற்றிச் செவ்வந்தி வைத்தோம். மைனி வந்திருந்தாள், மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். காற்றில் அவள் மெழுகுவர்த்தி அணைந்தது. என்னுடையதுதான் பக்கத்தில் எரிந்தது. நான் நீட்டினேன். அவள் சுற்றி வந்து அம்மாவின் மெழுகுவர்த்தியில் பற்றவைத்துக்கொண்டாள்.

நவம்பர் 5

வள்ளத்தை இறக்கினோம். ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். முதல் ஓட்டத்துக்கு இஞ்ஞாசி மாமா ஏறப் போனார். அப்பா அவரைத் தடுத்தார்.

"அணியத்துல பிள்ள இரிக்கட்டும்."

"பொம்பளப் பிள்ளைய எதுக்குவே கூட்டிட்டு?"

"இரிக்கட்டும்னேன்."

ஏறினேன். கரையை இடது கைப்பக்கம் விட்டு வாடையைப் பார்த்துப் போனோம். அப்பா பின்னால் நின்று குழாயைப் பிடித்திருந்தார். தோள் தாழ்ந்தே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முன்னால் யாரோ நண்டு வலைக்குக் கட்டிய தெர்மாகோல் மிதவை தெரிந்தது. கொஞ்சம் கச்சான் பக்கமாக, வெள்ளையாக, தலை அளவுக்கு. அப்பாவும் பார்த்துவிட்டார். வேகத்தைக் குறைக்கவில்லை.

"சொல்லு பிள்ள," என்றார்.

எனக்குக் குரல் வரவில்லை.

"சொல்லு!"

"கச்சான்!" என்று கத்தினேன். "கச்சான்! கச்சான்!"

அப்பாவின் கை கச்சான் பக்கம் போனது. வள்ளத்தின் முனை கொண்டல் பக்கம் ஒதுங்கியது. மிதவை எங்களுக்கு ஒரு பாகம், அதாவது ஓர் ஆள் நீளம், தள்ளி, ஆடிக்கொண்டே பின்னால் போனது. அது போவதை அப்பா கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

வட்டமடித்து வந்தார். "இன்னொரு தடவ."

கத்தினேன். விலகியது. மறுபடியும் வட்டமடித்தார். நான்காவது தடவை மிதவை தாண்டியதும் எஞ்சினை அணைத்தார். வள்ளம் அலையில் சும்மா கிடந்தது. அப்பா தன் இடது கையை விரித்து, அது யாருடைய கை என்பதுபோலப் பார்த்தார்.

"ரோஷ்லின்ட்ட நான் போய்ச் சொல்லிருதேன் பிள்ள."

"என்னத்தப்பா?"

அவர் வாயைத் திறந்தார். இடது கையை மடக்கிக்கொண்டார்.

"துருப்பா," என்றேன். "துருதான். அண்ணனே சொன்னாம்லா, லாக் ஆயிட்டுன்னு. அவன் கடைசியா சொன்னது அதான். அத மாத்த வேண்டாம்."

அப்பா அழுததை நான் பார்க்கவில்லை. அணியத்தில் இருப்பவர்கள் முன்னால்தான் பார்க்க வேண்டும்.

கரை வந்ததும் அவர் தண்ணீர் இறைக்கும் டப்பா நிறையக் கடல் தண்ணீர் மொண்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு நடந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கால் கழுவவாக இருக்கும்.

நவம்பர் 6

இரவெல்லாம் நல்ல மழை. காலையில் குளியலறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். ஓட்டுத் தண்ணீர் நேராக நான் வாளி வைத்த இடத்தில்தான் விழுகிறது. கேபிள் முழுக மழைத் தண்ணீர் நிறைந்து, உப்பெல்லாம் கரைந்து போயிருக்க வேண்டும்.

ஆனால் வாளி கூரைக்குக் கீழே, மழை படாத இடத்துக்கு நகர்ந்திருந்தது. பக்கத்தில் இறைக்கும் டப்பா கவிழ்த்து வைத்திருந்தது. தண்டு சிவந்திருந்தது. தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.